பதினொன்றாம் எண் அட்டை

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று சைக்கிள் குழுவோடு அறுபது கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து குளித்தேன். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை குளித்தேன். இறுக்கமான உடையில் பன்னிரண்டு ஆண்கள் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கும் வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. முன்னால் போன ஒருவர் காறித் துப்பினார். காற்று அதைப் பின்னால் கொண்டுவந்தது. பின்னால் வருபவன் நான்தான்.

அறுபத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா? மாப்பிள்ளைதான் குழுவின் கேப்டன். ‘சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காதீங்க மாமா, வாங்க’ என்றார். மனைவி இருந்திருந்தால் எனக்காக அவள் மறுத்திருப்பாள். எனக்கு மறுக்கத் தெரியாது.

எனக்குக் கொடுத்திருக்கும் பதவி ‘வால்’. வரிசையில் கடைசியாக ஓட்டுபவர். விதி ஒன்றே ஒன்று: வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் நின்றால் வாலும் நிற்க வேண்டும். என் சுபாவத்துக்குப் பொருத்தமான பதவி என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அடுத்த வாரம் இருநூறு கிலோமீட்டர் போட்டி. காலை ஐந்து மணிக்குத் தொடக்கம், மாலை ஆறரைக்குள் முடிக்க வேண்டும். வழியில் மூன்று செக்பாயின்ட். ஒவ்வொன்றிலும் தலைக்கு ஓர் அட்டையில் முத்திரை. குழுவில் பன்னிரண்டு பேரும் எல்லா இடத்துக்கும் நேரத்துக்குள் வந்தால்தான் குழுக் கோப்பை.

போன வருடம் ஒருவருடைய அட்டை வியர்வையில் கூழாகிப் போனதாம். அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். எல்லா அட்டைகளையும் எண் வரிசையில் அடுக்கி, நீர் புகாத ஒரே பையில் கேப்டனே வைத்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எண்களை நானே எழுதினேன். பதினொன்று கண்ணாடிக்காரர், பன்னிரண்டு நான்.

கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். என்னை விட்டால் குழுவில் மெதுவானவர் அவர்தான். ஆகவே எப்போதும் எனக்கு நேர் முன்னால், முகத்தைப் பின்பக்கம் திருப்பி, வாய் மூடாமல். ‘அண்ணே, இந்த ஃபிரேம் உங்க மூக்குக்கு ஆகாதுண்ணே. முகத்துல ஜன்னல் வச்ச மாதிரி இருக்கு!’ வாழைப்பழத்தை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறார். இன்று அதில் ஒரு துணுக்கு என் கண்ணாடியிலேயே வந்து ஒட்டியது. அதற்கும் அவரே சிரித்தார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

முடிந்தது. கோப்பை கிடைத்தது. உடம்பு வேறு யாருடையதோ போல் இருக்கிறது. கடைசிப் புகைப்படத்தில் கண்ணாடிக்காரர் இல்லை. ‘அவர் வீட்டுக்குப் போயிருப்பார் மாமா’ என்றார் மாப்பிள்ளை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

காலை எட்டு மணிக்குக் குழுவிலுள்ள பல் டாக்டர் போன் செய்தார். கண்ணாடிக்காரர் மருத்துவமனையில். இடுப்பெலும்பு முறிவு. தலையிலும் அடி. இறக்கத்தில் ஒரு சிறுபாலத்தின் ஓரம் சறுக்கிக் கீழே விழுந்திருக்கிறார். போன் தண்ணீருக்குள். மாலை ஐந்தரைக்கு ஒரு லாரி ஓட்டுநர் தற்செயலாக இறங்கிப் பார்த்திருக்கிறார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்குப் புரியும்.

மதியம் 1.50. நூற்று இருபதாவது கிலோமீட்டர் அருகே கண்ணாடிக்காரரின் சைக்கிளில் சங்கிலி கழன்றது. நின்றார். நானும் நின்றேன். 1.55. ‘வாங்க மாமா, அவர் பிடிச்சுடுவார்’ என்று மாப்பிள்ளை முன்னாலிருந்து கத்தினார். நான் போய்விட்டேன்.

3.15. மூன்றாவது செக்பாயின்ட். மாப்பிள்ளை பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். பன்னிரண்டும். மேசையிலிருந்த பெண்மணி கூட்டத்தைப் பார்த்து ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்றார். ‘வந்தாச்சு’ என்றார் மாப்பிள்ளை. தட், தட் என்று பன்னிரண்டு குத்து. நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது.

‘மாப்பிள்ளை, கண்ணாடிக்காரர்...’

‘பத்து நிமிஷத்துல வந்துடுவார் மாமா. அதுக்காகக் கோப்பையை விட முடியுமா?’

யாராவது ஒருவர் வந்து சேரவில்லை என்று அந்த மேசைப் பட்டியல் காட்டினால்தான் மீட்பு வேன் திரும்பிப் போய்த் தேடும். பட்டியலில் எல்லோரும் வந்துவிட்டோம். வேன் முன்னால் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து நாங்களும் கிளம்பிவிட்டோம். முடிவுக் கோட்டிலும் அதே பைதான் மேசைக்குப் போனது.

எடை அளவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தினேன். படிக்கல்லை வைத்துப் பார்க்காமல் ஒன்றுக்கும் குத்தியதில்லை. நேற்று ஒரு மனிதனே இல்லாத இடத்தில் முத்திரை விழுந்தது. பக்கத்தில் நின்று, இலவசமாகக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். உதட்டில் இன்னும் பிசுபிசுக்கிறது. பல் தேய்த்தும் போகவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

குழுவின் வாட்ஸப்பில் கோப்பையை முத்தமிடும் படம். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள், ‘சீக்கிரம் குணமாகணும் சகோ’. அதற்குக் கீழே மறுபடி கோப்பை. எங்கள் சட்டையின் முதுகில் ‘யாரையும் விட்டுப் போகமாட்டோம்’ என்று அச்சடித்திருக்கிறது. என் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. தொடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

மருத்துவமனைக்குப் போனேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முகம் பாதியாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நான் மூணாவது செக்பாயின்ட்டுக்கு வந்தேனா?’

நான் அவர் காலில் தொங்கிய எடையைப் பார்த்தேன்.

‘உங்க மாப்பிள்ளை வந்திருந்தார். நான் வந்தேனாம். தண்ணி குடிச்சேனாம். எதையோ தொலைச்சுட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாம தனியா திரும்பிப் போனேனாம். அப்பதான் விழுந்தேனாம். அட்டையில முத்திரையும் காட்டினார். எனக்குச் சங்கிலியை மாட்டினது ஞாபகம் இருக்கு. பாலத்துல விழுந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல முப்பது கிலோமீட்டர் போய், முப்பது கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கேன். ஒண்ணுமே இல்லண்ணே. சுத்தமா இல்ல. அறுபது கிலோமீட்டரை ஒரு மனுஷன் மறப்பானா?’

‘ஓய்வெடுங்க’ என்றேன். இதுதான் நான் சொன்னது. ஓய்வெடுங்க.

வெளியே நடைகூடத்தில் அவர் மனைவி சொன்னார்: டாக்டர் மறுபடி தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். ‘ராத்திரி பகல்னு இல்லாம, வாடிக்கைக்காரங்களோட பவரையெல்லாம் ஒப்பிச்சுப் பார்க்கறார். நேத்து ஒண்ணு தப்பாப் போச்சு. குழந்தை மாதிரி அழுதார் சார். மூளை போன ஆளுகிட்ட யாரு கண்ணைக் காட்டுவா, கடையைக் குடுத்துடலாம்ங்கறார்.’

பேருந்தில் திரும்பும்போது குமட்டியது. இறங்கி, சாக்கடை ஓரம் நின்றேன். ஒன்றும் வரவில்லை. வாந்திகூட என்னிடம் தயங்குகிறது.

பிப்ரவரி 24, சனி

19ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம்.

மாப்பிள்ளை கத்தியது உண்மை. ஆனால் அவர் கத்தியபோது நான் ஏற்கெனவே இருநூறு மீட்டர் வந்திருந்தேன். யாரும் கூப்பிடாமலே கிளம்பினேன். ‘போயிடாதீங்கண்ணே, ரெண்டே நிமிஷம். ஒரு கதை சொல்றேன், சிரிச்சு வயிறு புண்ணாயிடும்’ என்றார், கையெல்லாம் கிரீஸோடு. காலையிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. ஒரு அரை மணி நேரம் அமைதியாக ஓட்ட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அமைதியாகத்தான் ஓட்டினேன். நன்றாக இருந்தது.

நன்றாக இருந்தது! இதை எழுதிய கையைக் கழுவினேன்.

என் நாட்குறிப்பிலேயே பழியை மாப்பிள்ளை தலையில் கட்டியிருக்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்? யாருக்காக இந்தப் பொய்?

பிப்ரவரி 26, திங்கள்

போட்டி நடத்தியவர்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வாலாக இருந்தவரின் கையெழுத்தும் வேண்டுமாம். மருத்துவமனையில் சொன்ன அதே கதையை மாப்பிள்ளை தட்டச்சு செய்தே கொண்டுவந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி.

‘மாப்பிள்ளை, அவர் தனக்கு மூளை குழம்பிடுச்சுன்னு நினைக்கிறார்.’

‘கொஞ்ச நாள்ல சரியாயிடும் மாமா. தலையில அடிபட்டா அப்படித்தான்.’

‘அடியால இல்லை. நாம சொன்னதால.’

அவர் என்னைப் பார்த்தார். கெட்ட பார்வை இல்லை. அவரும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ‘வால் நீங்க மாமா. உண்மையை எழுதினா முதல் கேள்வி உங்களுக்குத்தான் வரும். உங்களுக்காகவும்தான் இதைச் செய்றேன்’ என்றார். பிறகு என் மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து, தேநீரில் நனைத்துத் தின்றார். அது ஊறி உடைந்து உள்ளே விழுந்ததை விரல் விட்டு எடுத்தார். ஏன் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. ‘கண்ணாடியைக் காணோம், நாளைக்குப் போடறேன்’ என்றேன். கண்ணாடி முகத்தில்தான் இருந்தது.

பிப்ரவரி 29, வியாழன்

மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

‘அப்பா, கையெழுத்துப் போடுங்க. இந்தக் குழு இல்லைன்னா அவர் ஒண்ணுமே இல்லைப்பா. ஆபீஸ்ல அவரை யாரும் மதிக்கறதில்ல. அங்கதான் நாலு பேர் கேப்டன்னு கூப்பிடறாங்க.’

அது தெரியும் என்றேன்.

‘தெரிஞ்சா? என்னைப் பள்ளிக்கூடத்துல அந்த வாத்தியார் அடிச்சப்போ நீங்க போய்க் கேட்கல. சித்தப்பா அம்மாவை அவ்வளவு பேசினார், நீங்க பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. வாழ்நாள் பூரா வாயைத் திறக்கல. இப்பத் திறக்கிறதுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?’

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவளைத் தடுத்து உட்காரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. போய்விட்டாள்.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? எல்லாம் ஒரு மாதத்தில் அடங்கிவிடும். கண்ணாடிக்காரர் மட்டும் தன் மூளையைச் சந்தேகித்துக்கொண்டே கிடப்பார். ஒரு தராசு சரியாகத்தான் இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்லி மூலையில் போடப் போகிறோம்.

மார்ச் 2, சனி

சொல்லிவிட்டேன்.

நன்றாகச் சொல்லவில்லை. வீட்டில் தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கட்டிலருகே நின்றதும் எல்லாம் போய்விட்டது. ‘நீங்க வரல. மூணாவது செக்பாயின்ட்டுக்கு நீங்க வரவே இல்லை. உங்க அட்டைதான் வந்துச்சு. உங்க ஞாபகம் சரி, அந்த முத்திரைதான் பொய்’ என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அவர் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ‘அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?’ என்றார். ‘இல்லை.’ ‘சத்தியமா?’ ‘சத்தியமா.’ பிறகு வெகுநேரம் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதோடு கிளம்பி வந்திருக்கலாம். அவர் கேட்டார்: ‘வால் நீங்கதானே அண்ணே. ஏன் விட்டுட்டுப் போனீங்க?’

மாப்பிள்ளை கூப்பிட்டார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் பயமாக இருந்தது.

‘உங்க பேச்சு தாங்கல. அதனாலதான்.’

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

போட்டி நடத்தியவர்களுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டேன். அட்டைகளை ஒரே பையில் போடச் சொன்னது நான்தான் என்பதையும், யாரும் கூப்பிடாமல் நானாகவே கிளம்பினேன் என்பதையும் எழுதினேன்.

மார்ச் 12, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. கோப்பை ரத்து. கேப்டனுக்கு இரண்டு வருடத் தடை. எனக்கும் அதே. இனிமேல் அவரவர் அட்டை அவரவர் கையில்தான் இருக்க வேண்டுமாம். வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருக்கிறார்கள். நீக்குவதற்கு முன் ஒருவர் எனக்காகவே எழுதியது: ‘சோறு போட்ட கையைக் கடிச்ச வால்’. இவர்கள் எனக்கு எப்போது சோறு போட்டார்கள்? சளி துப்பினார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

மகள் போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுத்தார். ‘சொல்லுங்க’ என்றார். மாமா என்று சொல்லவில்லை. நலமா என்று கேட்டேன். நலம் என்றார். இருவருமே சற்று நேரம் போனை வைக்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கண்ணாடிக்காரர் கடையைத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நடக்க உதவும் கம்பி வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, உயரமான முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் ஓர் அம்மா. அவர் வாயைத் திறப்பதற்குள், ‘வலது ரெண்டே கால், இடது ஒண்ணே முக்கால், போன தடவை மூக்குல உறுத்துதுன்னீங்க’ என்று பதிவேட்டைப் புரட்டாமலே சொன்னார். அந்த அம்மாவின் மருமகள், மருமகளின் சமையல் என்று பேச்சு வளர்ந்தது. கடையே சிரித்தது.

என் முறை வந்தது.

‘என்ன வேணும்?’

கண்ணாடிக் காது தளர்ந்திருக்கிறது என்றேன். வாங்கி, திருகை முடுக்கி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை இல்லை. ‘எவ்வளவு?’ என்று கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்தவரைக் கூப்பிட்டு, அவரிடம் பேச ஆரம்பித்தார். படியிறங்கி, தெருமுனைவரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன்.