தனிமரம் எழுதிய பதினேழு

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் இங்கே நலம். நீங்களும் நலம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். இந்த முறை அதை அப்படியே எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், உங்கள் சிரிப்பைக் கேட்டதும் நானும் கேட்க வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். குட்டி இப்போதுதான் தூங்கினாள். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். குட்டிக்கு மேல்வரிசையில் இன்னொரு பல் எட்டிப் பார்க்கிறது. லேசாக உடம்பு சுட்டது, இப்போது இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, துணி சுற்றி வைத்திருக்கிறேன். முன்கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டேன். படுக்கையறைத் திரைச்சீலையைப் பகலிலும் இழுத்துவிடுகிறேன். எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் சனிக்கிழமை மதியம் நான் நடத்தும் வினாடிவினா உங்களுக்குத் தெரியும். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் அவரவர் வீட்டில் தேநீரோடு உட்கார்ந்து, அணி பிரிந்து, பரிசே இல்லாத போட்டிக்கு உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவார்கள். ‘வாடிய கீரை’ அணிக்கும் ‘எரு மூட்டை’ அணிக்கும் இன்றுவரை ஆகாது. என் விதி ஒன்றுதான் எல்லோருக்கும் எரிச்சல். தப்பாக எழுதினால் மதிப்பெண் போகாது, ஒன்றும் எழுதாமல் விட்டால் கழிப்பேன். கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்களையும் பேச வைக்கலாம் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்த விதிதான் அது.

சில வாரங்களாக ஒரு புது அணி வருகிறது. பெயர் ‘தனிமரம்’. ஒரே ஆள். குரல் கொடுப்பதில்லை, முகம் காட்டுவதில்லை, வணக்கம்கூடச் சொல்வதில்லை. விடையை மட்டும் எழுதிவிட்டு, போட்டி முடிந்ததும் சொல்லாமல் போய்விடும். விடைகளோ பெரும்பாலும் சரி. குழுவில் மண்புழு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி எனக்குத் தனியாக எழுதினார்: “வாத்தியாரம்மா, அந்தத் தனிமரம் எங்கயோ பாத்து எழுதுது. வெட்டி விட்ருங்க, நிழலும் இல்ல, காயும் இல்ல.” எனக்கும் அதே சந்தேகம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் எப்படி வெளியே அனுப்புவது?

அப்போதுதான் ‘உற்றுப் பார்’ சுற்று வந்தது. வீட்டுச் சாமான் எதையாவது மிக அருகில் படம் பிடித்துப் போடுவேன், என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாரம் சிவப்பாக, வழவழப்பாக ஒரு வட்டம். வாடிய கீரை ‘பொத்தான்’ என்றது. எரு மூட்டை ‘தக்காளி’ என்றது. தோட்டக்காரர்களுக்கு எல்லாமே தக்காளிதான். தனிமரம் எழுதியது: ‘குழந்தைக் கட்டிலின் திருகு’.

அதுதான் சரியான விடை. மூடி தொலைந்துபோன அந்தத் திருகுக்கு என் நகப்பூச்சை அடித்தது நீங்கள். உலகத்தில் வேறு எந்தக் கட்டிலிலும் அப்படி ஒரு திருகு இருக்காது. இதைப் பார்த்தவன் நம் படுக்கையறைக்குள் வந்தவன், அல்லது உள்ளே எட்டிப் பார்க்கிறவன். அன்றைக்குத்தான் தாழ்ப்பாள் வாங்கினேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றேன்.

கட்டிலை மாட்டித் தந்த உங்கள் தம்பியைத்தான் முதலில் பிடித்தேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். “அண்ணி, நான் செடிக்குத் தண்ணி ஊத்துனாலே அது செத்துரும். உங்க குரூப்ல எனக்கென்ன வேலை?” என்று சிரித்தவர், பிறகு, “யாராவது தொந்தரவு பண்றாங்களா, நான் வரட்டுமா?” என்று கவலைப்பட்டார். குட்டியைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு அக்காவையும் விடவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. “போன் எடுக்கறதுக்கே கண்ணாடி தேடறவ நான். என்னைப் போயி வேவு பாக்கறவன்னு நெனச்சிட்டியேம்மா” என்றார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உங்களை நான் நினைக்கவே இல்லை. எப்படி நினைப்பேன்? அந்த நாட்டுத் தொழிற்சாலைக்குள் நுழையும்போதே வாசலில் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள், இரவு வெளியே வரும்போதுதான் கையில் கொடுப்பார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நம் சனிக்கிழமை மதியம் என்றால் அங்கே உங்கள் வேலையின் நட்டநடு நேரம்.

பிறகு ஒரு நாள் குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்ததும் “நேத்து யாரு ஜெயிச்சா, கீரையா எருவா?” என்று கேட்பீர்களே, அந்தக் கேள்வி நின்று சில வாரங்களாகிறது. தனிமரம் வந்ததிலிருந்து நீங்கள் கேட்கவே இல்லை.

போன சனிக்கிழமை கடைசிக் கேள்வியை அதற்காகவே வைத்தேன். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்? தெரிந்தவர்கள் ஏழு என்று எழுதினார்கள். மனிதனுக்கும் அதே ஏழுதான் என்று மண்புழு விளக்கவுரையே கொடுத்தார். தனிமரம் கடைசியாக எழுதியது: ‘பதினேழு. ஏழு என்பார்கள், நம்பாதீர்கள்.’

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “என்ன தனிமரம், இன்னிக்கு அங்க நெட் இல்லயா?” என்று மண்புழு கேட்டார். நான் மைக்கை அணைத்துவிட்டுக் குட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். மதிப்பெண்ணை அன்றைக்கு வேறு யாரோதான் கூட்டிச் சொன்னார்கள்.

கல்யாணமான புதிதில் இதற்காக எத்தனை சண்டை! பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார் என்று பதினேழில் பிடிவாதமாக நின்றீர்கள். “ஏழும்பாங்க, நம்பாத” என்பது உங்கள் வாயில் வந்த வார்த்தை.

அதற்குப் பிறகு என் புத்தி போகாத இடம் இல்லை. ஒரு வாரமென்றால் லீவு என்று நினைக்கலாம். எல்லா வாரமுமா? நான் யாரோடு சிரித்துப் பேசுகிறேன் என்று பார்க்க வந்தீர்களா? இல்லை, அங்கே என்னிடம் சொல்ல முடியாத வேறு ஏதாவது வாழ்க்கையா? கோபத்தில் உங்கள் குரல் செய்திகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேற்பார்வையாளர் நாற்காலியோடு கவிழ்ந்த கதையை இரண்டு முறை, புதிதாக நடந்தது போலச் சொல்லியிருக்கிறீர்கள். முன்பெல்லாம் பின்னால் இயந்திரச் சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்கும். இப்போது ஒரு மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. பேச்சுக்கு நடுவே யாரோ கதவைத் திறந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். அடுத்தவர் அறையில் ஒண்டியிருப்பவரின் குரல் அது. அதைக் கேட்டபிறகு என் கோபம் போய்விட்டது.

அந்த வாசலில் உங்கள் போனை இப்போது யாரும் வாங்கி வைப்பதில்லை. இல்லையா?

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது மிருகக்காட்சி சாலைக்குப் போனோமே. ஒட்டகச்சிவிங்கிக் கூண்டுக்கு முன்னால் இருந்த பலகையைப் படித்துவிட்டு, “சரிம்மா, ஏழுதான், தோத்துட்டேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். குட்டிகூட உங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஆக, ஏழு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பதினேழு என்று எழுதியிருக்கிறீர்கள். மறந்துபோய் எழுதினீர்களா, நான் பிடித்துவிட வேண்டும் என்று எழுதினீர்களா? அந்த இரண்டாவது எண்ணம் வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், காரணம் சொல்லவில்லை. தனிமரத்தை வெட்டச் சொல்லி மண்புழு மறுபடி எழுதினார். அது வேர் உள்ள மரம், இருக்கட்டும் என்று பதில் போட்டுவிட்டேன்.

குட்டி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். ஆட்டி ஆட்டி அந்தச் சிவப்புத் திருகு தளர்ந்துவிட்டது. தம்பி வந்து முடுக்கித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். நீங்கள் வந்து முடுக்கும் வரைக்கும் மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கிறோம். மூன்று பேருக்கு இடம் தாராளமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கே தங்கியிருந்தாலும் சாப்பிடுங்கள். கடவுள் துணை இருப்பார், நானும் இருக்கிறேன். வருகிற சனிக்கிழமை கேள்வி ஒன்றுதான், உங்களுக்கு மட்டும்: எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள்? விதி உங்களுக்கே தெரியும். தப்பாகச் சொன்னால் மதிப்பெண் போகாது. ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
குட்டியின் அம்மா