நான்காம் வார்த்தைக்குப் பூட்டிய கதவு

நேற்று, நாம் இறையியல் படித்த செமினரியின் ஆண்டு விழாவுக்காக ஓசூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பர்கூருக்கு முன்னால், கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னே வண்டி நின்றுவிட்டது. ஜன்னல் வழியே வெடிமருந்து நெடி வந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே தலையை மூடிக்கொண்டன. பக்கத்து சீட்டுப் பெண், "இன்னாம்மா, தலை சுத்துதா?" என்றாள். இந்த நெடி என்னை என்ன செய்யும் என்று உனக்குத்தான் தெரியும். நீயோ போன மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டாய்.

விழாவில் செமினரியின் வரலாற்றை நான் பேச வேண்டியிருந்தது. முந்தின நாள் விழாக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்தார். "அந்தப் பெரிய வெள்ளி விஷயம் மட்டும் வேணாம்மா. நல்ல நாளு. உங்க பையனும் நம்ம ஸ்கூல்லதானே வேலை பாக்கறாரு?" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் அது மிரட்டல் என்று உறைத்தது.

அவர்கள் கேட்ட வரலாறு நம் இருவருக்கும் மனப்பாடம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலக்கிற எல்லை என்று ஜெர்மன் மிஷனரிகள் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். ஓட்டுக் கட்டடம் ஒன்றில் ஊர்ச் சபைகளில் வேதம் சொல்லும் உபதேசியார்களுக்கு, சபைச் சீர்திருத்தக்காரர் லுத்தரின் போதனையைச் சொல்லிக்கொடுத்தார்கள். உலகப் போர் வந்தது. எதிரி நாட்டவர் என்று அந்த ஜெர்மானியர்களை ஆங்கிலேய அரசாங்கம் அழைத்துப் போய்விட்டது. உள்ளூர் ஆசிரியர்கள் சம்பளமில்லாமல், ராகிக் களி தின்று, வகுப்பை நடத்தினார்கள். முதல் வருடம் இதைக் கேட்டதும் நீ எழுந்து நின்றாய். "ஐயா, அந்தக் களியக் கிண்டுனது யாருங்க?" பையன்கள் சிரித்தார்கள், ஆசிரியர் சிரிக்கவில்லை. அங்கே படிக்கச் சேர்ந்த முதல் பெண்கள் நாம் இருவர்தான். நீ உட்கார்ந்த பிறகு மேசைக்கடியில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாய்.

அடுத்த வருடம் அந்தப் பெரிய வெள்ளி வந்தது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம் செய்ய வேண்டும். பர்கூர் பக்கம், கல் குவாரியை ஒட்டிய சிறிய ஓட்டு ஆலயத்துக்கு நம் வகுப்பை அனுப்பினார்கள். 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற நான்காம் வார்த்தை உன் பங்கு. நீ மேடை ஏறியதும், பெண் பிரசங்கம் செய்யக் கூடாது என்று ஆண்கள் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். நம் வகுப்புப் பையன்களும் அவர்கள் பின்னால் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வெளியே சங்கிலியை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு எறங்கட்டும். அப்புறம் தொறக்கறோம்." சபை மூப்பரின் குரல் அது.

உன் முகத்தில் ரத்தமே இல்லை. "எறங்கிடவா?" என்று சத்தமில்லாமல் என்னைக் கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் குவாரிச் சங்கு ஊதியது.

பெண்கள் அலறியடித்து எழுந்தார்கள். குவாரியில் வெடி வைக்கும்போது கல் பறந்து வரும். சங்கு ஊதினால் அந்த ஊரில் யாரும் ஓட்டுக்கூரையின் கீழ் இருக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. மூப்பரின் மனைவி ராகேலம்மா கதவை இரண்டு கையாலும் அடித்துத் தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். "ரேய், தலுப்பு தீயிரா! உன் பொண்டாட்டி உள்ள இருக்கறேன்டா, தொற!" கட்டின புருஷனை அவர் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தானாம்.

"சாவி எங்கிட்ட இல்லடி! வச்சிருந்தவன் ஓடிட்டான்!" வெளியே அவர் குரல் உடைந்துபோயிருந்தது.

நீ மேடையிலிருந்து குதித்தாய். "பலிபீடத்துக்கு அடியில வாங்க! கருங்கல்லு, தாங்கும்!" பிள்ளைகளை முதலில் உள்ளே தள்ளினாய். தரை ஒருமுறை எம்பித் தணிந்தது. ஓடுகள் சடசடவென்று சரிந்தன. கதவருகிலேயே நின்ற ராகேலம்மாவின் தோளில் ஒரு கல் விழுந்தது. நீ "அம்மா, அம்மா" என்று சத்தமாக அழுதுகொண்டே தவழ்ந்து போய் அவரை இழுத்து வந்தாய். அடுத்த வெடிக்கு நாம் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம். யாருடைய நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றே தெரியவில்லை.

கடப்பாரையால் சங்கிலியை உடைத்துக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். மனைவியின் ரத்தத்தைப் பார்த்த மூப்பர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாலைக்கு அந்தப்பக்கம் புளியமரத்தடியில் நீ வாந்தி எடுத்தாய். தோளில் துணி கட்டியிருந்த ராகேலம்மா, "நீ சொல்ல வந்தத சொல்லிட்டுப் போ பாப்பா. அதுக்குத்தானே உக்காந்திருந்தோம்" என்றார். எழுந்து நின்று, கைவிடப்பட்டவனின் பயத்தைப் பற்றிப் பேசினாய். நடுங்காமல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆண்கள் தள்ளி நின்றார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

திரும்பியதும், பாதுகாப்புக்காக இனிப் பெண்களை வெளியூர் அனுப்புவதில்லை என்றார் செமினரி முதல்வர். "பூட்டுனவங்கள விட்டுட்டு எங்கள உள்ள வைக்கிறீங்களே ஐயா" என்றாய். அவர் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு நம்மை மறுபடியும் அனுப்பினார். உனக்குக் குருப்பட்டம் கிடைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின. போச்சம்பள்ளியில், கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு நீ ஆயரம்மா ஆனாய். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குதுடி. போவாத" என்றாய். நான் போகவில்லை.

நேற்று மேடையில் நிறுவனர்களைப் பற்றிப் பேசினேன். பிறகு பெரிய வெள்ளியையும் சொன்னேன். போன் செய்தவர் முன்வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் ஒருமுறை நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அடுத்த பாட்டை அறிவித்தார்கள்.

சாப்பாட்டு வரிசையில் ஒரு மாணவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஞாயித்துக்கெழம சிங்காரப்பேட்டை பக்கத்துல எனக்குப் பிரசங்கம்மா. மேடை ஏறுனா எறக்கி விடுவோம்னு போன்ல மெரட்டுறாங்க. கூட வர்றீங்களா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தன் வேலை போய்விடுமென்று மகன் நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. நீ எனக்குத் தைரியம் எதையும் விட்டுப் போகவில்லையடி, அது உன்னிடமே இருந்ததில்லை. பயந்து நிற்பவள் பக்கத்தில் போய் நின்றுகொள்கிற பழக்கம் மட்டும் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறதடி.