சரிக்கா

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் நடுநடுவே "சரிக்கா, சரிக்கா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஒரு வியாபாரி என் ஸ்கேன் மையத்துக்கு வந்தார். ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கிற பெட்டி என்று, பையிலிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சுழல்கிற தட்டு எதுவும் இல்லை, எல்லாம் ஃபிளாஷ் மெமரியாம். இதுவரை எடுத்த படங்கள் அத்தனையும் அதில் அடங்கி, இடமும் மிஞ்சுமாம்.

ஐந்து வருஷத்துக்கு முன் இதே வேலைக்கு உன்னை நம்பி உன்னிடம் நான் வாங்கியது என்ன? ஆள் உயர அலமாரி இரண்டு, அவை நிறைய ஹார்ட் டிஸ்க், குளிர வைக்கத் தனி ஏசி. "பத்து வருஷத்துக்குக் கவலையில்லக்கா" என்றாய். பாதிகூட நிறையவில்லை. அவற்றை வைக்க, நோயாளிகளோடு வருகிறவர்கள் உட்காரும் இடத்தைச் சுவர் எழுப்பிப் பூட்டினேன். இன்று மகளுக்கு ஸ்கேன் முடிகிற வரை ஒரு தாய் மாடிப்படியிலேயே நின்றாள். மெஷினுக்கு ஏசி, மனுஷிக்குப் படி. வயிறு எரிகிறது. தெரிந்தேதானே என் தலையில் கட்டினாய்?

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் திட்டு வாங்கினேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று முதலில் நான் கொண்டுவந்தது ஃபிளாஷ்தான். விலை அதிகம், அதனால் ஒரு வருஷப் படங்களுக்குப் போதுமான அளவு மட்டும். நீ அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு காசுக்குத் தீப்பெட்டியா? கண்ணுக்குத் தெரியற மாதிரி கொண்டா, பத்து வருஷத்துக்கு வரணும்" என்றாய். நான் சரிக்கா என்றேன்.

உன் தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

சொன்னேன்தான். ஞாபகம் வந்ததில் கோபம் கூடித்தான் போனது. ஸ்கேன் வேண்டாம் என்று எழுந்து போகிற நோயாளியை நான் சும்மா விடுகிறேனா? அதட்டி உட்கார வைக்கிறேன். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உன் தொழிலில் தெரிந்தவன் நீ. அக்காவிடம் பயம் என்றால் அக்காவுக்கு விற்க வந்திருக்கக் கூடாது.

உன் சங்காத்தமே வேண்டாம். பத்து வருஷத்துக்கும் சேர்த்து அந்த வியாபாரியிடமே ஃபிளாஷ் வாங்கப்போகிறேன். மாதக் கடைசியில் கையெழுத்து. இதற்கும் சரிக்கா என்றுதான் எழுதுவாய். எழுதிக்கொள்.

அக்கா

மார்ச் 18

அக்கா,

முடியாது. கையெழுத்துப் போடாதே. போன தடவை செய்த அதே தப்பைச் சின்ன சைஸில் செய்யப்போகிறாய். இந்தச் சாமான் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வருகிறது, விலையும் பெரும்பாலும் இறங்குகிறது. பத்து வருஷம் கழித்து நிறையப்போவதை இன்றைய விலைக்கு வாங்கிக் காலியாக வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்? இருக்கிற படங்களுக்கும், வருகிற ஒரு வருஷத்துக்கும் மட்டும் வாங்கு. யாரிடம் வேண்டுமானாலும் வாங்கு. பத்து வருஷம் என்று எவன் சொன்னாலும் வெளியே அனுப்பு, நானாக இருந்தாலும்.

உனக்குக் கோபம் வரட்டும். எனக்கும் வந்திருக்கிறது.

தம்பி

மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருஷத்துக்கானதை நீயே கொண்டுவா. அந்த அலமாரிகளையும் கழற்றி எடுத்துப் போ. சுவரை இடிக்க ஆள் சொல்லியாயிற்று.

அங்கே எட்டு நாற்காலி போடலாம் என்றிருக்கிறேன். வந்து பார்த்துச் சொல். சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொல்.

உன் அக்கா