கஸ்தூரி டயாலிசிஸை நிறுத்திய வாரம்

12, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். ஜன்னல் கம்பியில் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல். துடைத்தேன். மறுபடியும் படிந்துவிட்டது. சனியன்.

இன்று டயாலிசிஸ் நாள். கஸ்தூரி போகவில்லை. இனி எப்போதும் போகமாட்டாளாம். போன வாரமே டாக்டரிடம் சொல்லிவிட்டாள்: "ஊசி குத்த கையில எடமே இல்ல சார். போய்ட்டு வந்தா எந்திரிக்கவே முடில. நா வூட்டுலயே கீறேன்." இதயமும் பலவீனம், வேறு கிட்னி வைக்க வழியில்லை, அவங்க முடிவு சரிதான் என்றார் டாக்டர். கட்டிய புருஷன் நான், பக்கத்து நாற்காலியில் குத்துக்கல் மாதிரி.

வீட்டுக்கு வரும் நர்ஸ் நல்ல பெண். வலிக்கு, மூச்சிரைப்புக்கு, அரிப்புக்கு மருந்து கொடுத்திருக்கிறாள். வாங்க: தேங்காய் எண்ணெய், தலையணை உறை.

13, செவ்வாய்

கீழ்வீட்டுக்காரி படியில் நின்று, என் காதில் விழட்டும் என்றே: "வைத்தியத்த நிறுத்திட்டு பொண்டாட்டிய சாவ வுட்டுகினு கீறான்." நிறுத்தியது டயாலிசிஸை. வைத்தியத்தை இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல. அவள் வாயில் மண்ணைப் போட.

க. வஞ்சிரக் குழம்பு கேட்டாள். ஆசைப்பட்டதைக் கொடுங்க என்றாள் நர்ஸ். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். "இப்பயாவது உப்பு போடக் கூடாதா?" சிரிப்பு வந்தது. உடனே எரிச்சல்.

15, வியாழன். தூறல்

மச்சான் குமார், க.வின் தம்பி, மணலி புதுநகரிலிருந்து ஆம்புலன்சோடு வந்து நிற்கிறான். "எங்கக்காவ நா இட்னு போறேன். ஐசியூல வெச்சா பொழச்சிக்கும். நீ இன்னா மனுசன் மாமா?"

சட்டையைப் பிடித்துவிட்டேன். "அவளாண்டயே கேளுடா!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ரெண்டு பேரும் கம்னு இருங்க," என்றாள் க., படுத்தபடியே. பிறகு அவனிடம்: "நா செத்தா பொறந்த வூட்டு கோடிப் பொடவ நீதான எடுத்தாந்து போத்தணும்? இப்பவே எடுத்தா. பச்சைல. அப்பால நா இன்னாத்த பாக்கறது?"

தரையில் உட்கார்ந்து அழுதான். ஆம்புலன்சை நானே போகச் சொன்னேன். அவனாவது அழுகிறான்.

16, வெள்ளி

புடவை வந்துவிட்டது. கிளிப்பச்சை, மாம்பழ பார்டர். உயிரோடு இருப்பவளுக்குக் கோடி. கருமம். க. முந்தானையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "நல்லா எட்த்துகினு வந்துகிற" என்றாள் தம்பியிடம்.

இது அவள் முடிவு, நியாயமான முடிவு என்று ஊரெல்லாம் சண்டை போடுகிறேன். நிஜத்தில் எனக்குக் கோபம் அவள் மேல்தான். டாக்டரிடம் சொல்வதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்டிருந்தால் விடமாட்டேன் என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

மாலையில் புடவையைத் தோளில் போட்டுவிடச் சொன்னாள். போட்டேன்.

"எப்டி கீது?"

"நல்லால்ல," என்றேன். "வேற மாத்தினு வரச் சொல்றேன். மாத்த நாளாவும்."