வினோத், நீ கட்டுன சொவர நாங்கதான் இடிச்சோம்

அன்புள்ள மகன் வினோத்துக்கு அம்மா எழுதறது. நீயும் ஜெயப்பிரியாவும் கொழந்தையும் அங்க ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம இருக்கணும், நாங்க ரெண்டு பேரும் இங்க நல்லாத்தான் கீறோம், ஊட்ல சேத்து நாத்தம் மட்டும்தான் இன்னும் போவல. போன்ல சொல்லலாம்னு பாத்தா நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ பத்து கேள்வி கேக்கற, அதுக்குள்ள உனுக்குக் கோவம் வந்துடுது. தெரு முனையில வெல்டிங் கடை வெச்சிகினு கீறானே முகமது ஆசிக், அவன் அக்கா ஊட்டுக்காரரு வர்ற வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குக் கெளம்புறாரு. அவர் கையில வத்தலும் நார்த்தங்கா ஊறுகாயும் குடுத்து அனுப்பறேன், கூடவே இதையும். நின்னு நெதானமா படி.

பின்பக்கத்து சொவரு இடிஞ்சி தண்ணி பாயற வீடியோவ தெரு குரூப்ல பாத்துட்டு, யாரைக் கேட்டு இடிச்சீங்க, பின்னூட்டு கிருபாகரன் ஆளுங்களக் கூட்டிகினு வந்து மெரட்டினானான்னு உங்கப்பாவ சத்தம் போட்டியாமே. யாரும் மெரட்டல. அன்னிக்கி நடந்தத நான் கண்ணால பாத்தவ, சொல்றேன் கேளு.

வியாழக்கிழமை புடிச்ச மழை வுடவே இல்ல. கூவம் ரெண்டு கரையும் தொட்டு ஓடுதுன்னு சொல்லிகினு இருந்தாங்க, சனிக்கிழமை மத்தியானம் மேக்கால எங்கியோ கரை தாண்டி தண்ணி பின்தெருவுல ஏறிடுச்சி. நம்ம வாசல்ல கணுக்காலுக்குத்தான் இருந்திச்சி, அதனால நான் சாதம் வடிச்சிகினு சும்மாதான் இருந்தேன். மாடியில குடியிருக்கற பவ்யா, கம்ப்யூட்டர் கம்பெனி பொண்ணு, உனுக்குத்தான் தெரியுமே, அதுதான் மேலேருந்து ஆன்ட்டி சீக்கிரம் வாங்கன்னு கூப்பிட்டிச்சி. மாடி ஏறிப் போய் எட்டிப் பாத்தேன். நம்ம சொவத்துக்கு இந்தாண்ட வெறும் சேறு, அந்தாண்ட கொளம். கிருபாகரன் ஊட்டு ஜன்னலு பாதி முழுவிகீது, மீதி வழியா உள்ள தெரியுது. அவன் பொண்டாட்டி புள்ளைங்க காலையிலயே அவங்க அம்மா ஊட்டுக்குக் காட்டுப்பாக்கம் போயிட்டாங்க. அவனும் அவங்கப்பா அழகேசனும் மட்டுந்தான். அந்தப் பெரியவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் வராது, ஆளும் கனம். சாப்பாட்டு மேசை மேல கட்டிலப் போட்டு அது மேல அவரப் படுக்க வெச்சிட்டு, இவன் மார்பளவு தண்ணியில கட்டில் காலப் புடிச்சிகினு நிக்கறான். தெருப்பக்கம் தூக்கிகினு போலாம்னா அங்க இழுப்பு, ஆள அடிச்சிகினு போயிடும். பவ்யா எல்லா நம்பருக்கும் போன் போட்டுப் பாத்துச்சி. போட்டெல்லாம் வேற பக்கம் போயிருக்குது, வர நேரமாவும்னு சொல்லிட்டாங்க. தண்ணி ஏறிகினே இருந்திச்சி.

அந்தத் தண்ணி எப்பவும் நம்ம கொல்லப் பக்கமா ஓடி அப்பால கால்வாயில வுழுந்து மறுபடி ஆத்துக்கே போயிடும். நீ லீவுல வந்து சொவரு எழுப்புன அன்னிக்கி கிருபாகரன் வந்து இத்தத்தான் சொன்னான். எங்க பட்டா நெலம், நீ யாரு கேக்கறதுக்குன்னு நீ பேசின பேச்சுல அவன் அப்புறம் நம்ம வாசப்படி மிதிக்கல. எங்க ரெண்டு பேரோட பாதுகாப்புக்குத்தான் நீ கட்டின, அது எனுக்குத் தெரியாதா. வெய்யில்ல பாலைவனத்துல ஒழைச்சி நீ அனுப்பின காசுன்னு அந்தச் சொவத்துல ஒரு ஆணி கூட அடிக்க வுட மாட்டாரு உங்கப்பா.

அவரு மாடியில நின்னு பாத்துகினே இருந்தாரு. கிருபாகரன் நம்மள ஒரு வார்த்தை கேக்கல, இந்தப் பக்கம் தல நிமிந்தும் பாக்கல. கேட்டிருந்தாலாவது ஆவுதா ஆவாதான்னு பேசிகினு நின்னிருப்போமோ என்னமோ. உங்கப்பா என்னப் பாத்து, சரசா, இடிச்சா ஊட்டுக்குள்ள வந்துடும், இன்னா சொல்றன்னாரு. மொதல்ல கிரைண்டரையும் சிலிண்டரையும் மேல ஏத்திடலாம், அப்புறம் இடிங்கன்னேன். அவ்ளோதான் நாங்க பேசினது. உன்ன நெனக்கலன்னு நெனச்சிக்காத, நெனச்சேன். வினோத்துக்கு யாரு சொல்றதுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்திச்சி, அந்தப் பெரியவர் கட்டில் மேல ஒரு கைய மட்டும் தூக்கித் தூக்கி ஆட்டறதப் பாத்ததும் கிரைண்டரத் தூக்கக் கீழ எறங்கிட்டேன்.

பவ்யாவும் நானும் கையில கெடச்சத மாடிக்குத் தூக்கினோம். ஆசிக் பெரிய சம்மட்டி எடுத்துகினு வந்தான். கீழ இடிச்சா மொத்தமா நம்ம மேலயே சாஞ்சிடும், ஓரமா நின்னு மேலேருந்து ஒவ்வொரு கல்லா தட்டலாம் மாமான்னு சொல்லி, ரெண்டு பேரு இடுப்புலயும் கயிறு கட்டி மாடிப்படி கம்பியில முடிச்சிப் போட்டான். சத்தம் கேட்டு அப்பத்தான் கிருபாகரன் பாத்தான். வாணாம் நைனா, உங்க ஊடு பூடும், வாணாம்னு அங்கேருந்து கத்தறான். உங்கப்பா, நீ ஒங்கப்பாவ கெட்டியா புடிச்சிக்க, தண்ணி அசையும்னு சொல்லிட்டு அடிச்சிகினே இருந்தாரு. அறுபத்தஞ்சி வயசுல அவரு கையில அவ்ளோ வேகம் நான் பாத்ததில்ல. நாலு வரிசை கல்லு எடுத்திருப்பாங்க, மீதிய தண்ணியே தள்ளிடுச்சி. லாரி மண்ணு கொட்டற மாதிரி ஒரு சத்தம். உங்கப்பா வுழுந்துட்டாரு. கயிறு இல்லன்னா இன்னா ஆயிருக்குமோ, நான் எழுத மாட்டேன். முழங்காலுக்குக் கீழ கல்லு கிழிச்சி தையல் போட்டிருக்குது. போன்ல உங்கிட்ட வழுக்கிட்டாருன்னு சொன்னது அதான்.

தண்ணி நம்ம கொல்லையில பூந்து அடுப்படி வழியா கூடத்துக்கு வந்து வாசல்ல போச்சி. அந்தாண்ட எறங்க எறங்க இந்தாண்ட ஏறுச்சி. அவன் ஊட்ல இடுப்புக்குக் கீழ வந்ததும் ஆசிக் போயி, ரெண்டு பேருமா அழகேசன நாற்காலியில ஒக்கார வெச்சி, அந்த ஒடஞ்ச சொவத்து வழியாவே தூக்கிகினு வந்து மாடி ஏத்திட்டாங்க. பவ்யா தன் கட்டிலயே குடுத்திடுச்சி. பெரியவருக்குப் பேச்சு கொழறும், ஆனா எங்கையப் புடிச்சிகினு சோறு வெந்துச்சான்னு கேட்டாரு. கரண்டு வர்ற வரைக்கும் நாங்க எல்லாரும் மாடியிலதான் ஒரே சட்டியில ஆக்கித் தின்னோம்.

போனது போச்சி. ஃபிரிட்ஜ் போச்சி, கூடத்து மரக்கட்டில் உப்பிப்போச்சி, உங்க கல்யாண ஆல்பம் நனஞ்சி ஒட்டிகிச்சி. ஒவ்வொரு பக்கமா பிரிச்சி காய வெச்சிகினு வர்றேன், தாலி கட்டற போட்டோ தப்பிச்சிடுச்சி. கிருபாகரன் தெனம் காலையில அவன் ஊட்டு வேலைக்கு முன்னாடி மம்பட்டியோட வந்து நம்ம ஊட்டு சேத்த வாரிட்டுப் போறான். சொவத்த நானே கட்டிக் குடுக்கறேன்னு உங்கப்பாகிட்ட சொன்னான். அவரு வாணாம்னுட்டாரு.

இதான் நான் முக்கியமா எழுத வந்தது. அந்த எடத்துல சொவரு இனிமே எழும்பாது. எல்லக்கல்லு இருந்த எடத்துலயே கீது, நெலம் உன்னோடதுதான், யாரும் தூக்கிகினு போவல. ஆசிக் கம்பி வேலி அடிச்சித் தர்றான், மாடு நொழையாது, தண்ணி நொழையும். கொல்லையில தண்ணி போறதுக்குக் காவா வெட்டி ரெண்டு பக்கமும் கல்லு வெக்கப் போறோம், இந்த ஞாயித்துக்கெழம தெருவே எறங்குது. கால்வா தூர் வாரச் சொல்லி பவ்யாவும் கிருபாகரனும் கவர்மெண்டு ஆபீஸுக்கு அலையறாங்க. நாளைக்கி வா, நாளைக்கி வான்னு சொல்றாங்களாம், இவங்களும் தெனம் போயி ஒக்காந்துகினு கீறாங்க. உன்னக் கேக்கறதுக்கு இத எழுதல வினோத், உனுக்குத் தெரியணும்னு எழுதறேன். ஊட்ட வித்துட்டு போரூர்ல ஃபிளாட்டுக்குப் போங்கன்னு சொல்றியே, அங்கயும் போவ மாட்டோம். மழை எங்க இல்ல. அந்தக் கட்டில் கால ஒருத்தன் புடிச்சிகினு நின்னா எட்டிப் பாக்க மாடியில ஆளு இருக்கணும், அது இங்க கீது.

ஜெயப்பிரியாவுக்குத் தல சுத்தல் எப்படி கீதுன்னு எழுதச் சொல்லு, வெறும் வயித்துல காபி குடிக்க வாணாம். கொழந்தைக்குத் தமிழ்ல பேசிப் பழக்குங்க. நீ வெய்யில்ல வேலை செய்யும்போது தொப்பி போட மறக்காத. மூணு பேரும் மனசு நெறஞ்சி, கை கால் சொகத்தோட, பத்து பேரு நடுவுல நல்லா வாழணும்னு அந்த வேற்காட்டம்மாவ வேண்டிகினு நித்தமும் வெளக்கேத்தறேன்.

ஒண்ணு மறந்துடாத. நீ சத்தம் போட்ட அன்னிலேருந்து போன் அடிச்சா உங்கப்பா கொல்லப் பக்கம் போயிடறாரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீ போன் பண்ணு, அவரு எடுக்கற வரைக்கும் வெக்காத. நான் பக்கத்துலயேதான் இருப்பேன், எடுக்க மாட்டேன்.

உன் அம்மா,
ம. சரசா