யானை ஊற்றின் கீழே

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை யானை ஊற்றடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: நான், தரை பதிக்கும் மேஸ்திரி, கலவை எடுத்துக் கொடுக்கும் பெண், எதிரே பூக்கட்டும் செல்வி. புதுச் சிமெண்டின் ஈரத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாடை வந்தது. மூடிக் கிடந்த கிணற்றின் பாசி வாடை. நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இன்று பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின நாள் நம் தெருப் பெண்கள் ஊற்றைக் கழுவி, அதைச் சுற்றி நிற்கும் நான்கு கல் யானைகளுக்கும் மஞ்சள் பூசுவோமே. ஒரு வருஷம் நாம் இருவர்தான் போனோம். நான் ஒரு யானையின் துதிக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் எங்கோ குடத்தைக் கவிழ்த்தீர்கள். தண்ணீர் தரையில் ஓடி வரவில்லை. கீழே, ரொம்பக் கீழே, அது விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"மாமனாரு காலத்துல பலகையப் போட்டு மூடுன கெணறு, கண்ணு. பலகை உளுத்துப்போச்சாட்டம் இருக்குது" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து நான் நோட்டை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இத மட்டும் எழுதாத. தெரிஞ்சா ஊத்தையே இடிச்சுப்போடுவாங்க. கல்யாணப் பத்திரிகையிலகூட அந்த யானையத்தான் போடறாங்க!" கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் வாங்கினீர்கள். பால் வாங்கியதுவரை எழுதிவைக்கிறவள் நான். அந்தத் தேதிக்கு எதிரே ஒரு வரி வெறுமையாகக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை நகராட்சிக்காரர்கள் ஊற்றைப் புதுப்பித்துத் திறக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று கும்மி அடிக்கப்போகிறார்கள். செல்வியின் மகள் முதல் வரிசை. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இன்று சத்தியத்தை முறித்து இவர்களிடம் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அக்கா.

"அப்ப நாலு யானையும் உள்ள போயி தண்ணி குடிக்குமாக்கும்?" என்று கலவைப் பெண் சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. மேஸ்திரி குனிந்து முகர்ந்து பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம்னு காட்டுங்கம்மா, ரெண்டு டைல்ஸப் பேத்துப் பாக்கலாம். மொத்தத்தையும் பேத்தா என்னையத் தொலைச்சுப்போடுவாங்க."

எந்தப் பக்கம் என்று காட்டுவேன்? தட்டினால் தரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. நாளைக்கு நகராட்சி ஆபீசுக்குப் போய் விழாவை நிறுத்தச் சொல்லப்போகிறேன். அவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

அந்தத் தண்ணீர் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திசைதான் இல்லை.

எந்த யானைக்கு முன்னால் குடத்தைக் கவிழ்த்தீர்கள், அக்கா? கனவிலாவது வந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பதில் வேண்டும்.