வலது காலின் பெருவிரல்

12 நவம்பர் 1981, வியாழன்

கோட்டுச்சேரி வகுப்பில் வயலின் வாத்தியார் இன்றும் அதையே சொன்னார். "மத்தியமத்துல நின்னா ஸ்வரம் நடுங்குது சார். கையைக் கவனிங்க." நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொள்ளப் போன கை. அப்பாவுக்கும் நடுக்கம் கையில்தான் ஆரம்பித்தது.

சாயங்காலம் வீட்டில் வாசித்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கமலா நிமிர்ந்தாள்.

"கை இல்லீங்க. வயலின் தலையக் கால் மேல வச்சிக்கிட்டு, அந்தக் கால் பெருவிரலாலயே தாளம் போடுறீங்க. ஆடாம என்ன செய்யும்?"

உண்மைதான். மூன்று மாதமாக எனக்குத் தெரியவில்லை. விரலை அடக்கிக்கொண்டு மத்தியமத்தை நீளமாக இழுத்தேன்.

"இப்ப ஆடலீங்க" என்றாள். சந்தோஷமாக அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு அந்த நடுக்கம் இன்னும் லேசாகக் கேட்டது. அவளிடம் சொல்லவில்லை.